குறைந்த வேகத்தில் வெட்டிய தோல்

பெங்களூரு
11 ஜூன் 2025

எழிலரசிக்கு,

உன் நம்பரைத் தடுத்து வைத்திருக்கிறேன். வாட்ஸாப்பிலும்தான். போனில் பேசினால் நீ அழுவாய், நான் உனக்குச் சமாதானம் சொல்ல வேண்டியிருக்கும். கல்லூரியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த மூன்று வருடமும் அப்படித்தான் நடந்தது. இந்தத் தடவை முடியாது. சொல்ல இருப்பதை இந்த மெயிலுக்குப் பதிலாக எழுது.

வீட்டிலிருந்து அம்மி போன் செய்தார். பக்ரீத் கழிந்தும் அப்பா கம்பெனிக்குப் போகவில்லையாம். ஏன் என்று கேட்டேன். "தோல் எடுத்துட்டார்னு பேர் வந்துடுச்சு" என்றார். அதற்கு மேல் பேச முடியாமல் வைத்துவிட்டார்.

என் அப்பா சர்தார் பாஷா எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து ஆம்பூரில் ஷூவுக்குத் தோல் வெட்டுகிறார். என் பள்ளிக்கூடப் பையில் வார் அறுந்தபோதுகூட, கம்பெனியிலிருந்து ஒரு துண்டு கொண்டு வராமல் கடையில் வாங்கித் தைத்துக் கொடுத்தவர். இது உனக்கும் தெரியும். எங்கள் வீட்டில் நீ சாப்பிடாத ரம்ஜான் எது?

நீ அதே ஷெட்டில்தான் இருக்கிறாய். நீ கம்ப்யூட்டரில் போட்டுக் கொடுப்பதைத்தான் அவர் வெட்டுகிறார். தோல் குறைகிறது என்ற கணக்கை முதலாளியிடம் கொடுத்ததும் நீதான் என்கிறார் அம்மி. உண்மையா? அந்த நாற்காலி உனக்குக் கிடைக்க அப்பாவிடம் சொன்னது நான். முதலாளியிடம் சொன்னது அப்பா. அந்த லேப்டாப்பில் லினக்ஸ் போட்டு, புரோகிராமை ஏற்றிக் கொடுத்ததும் நான்.

சாரி என்று மட்டும் ஆரம்பிக்காதே.

முபஷ்ஷிரா


மாதனூர்
13 ஜூன் 2025

அன்புள்ள முபி,

சாரி என்று ஆரம்பிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டாய். வேறு எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் இரண்டு நாள் போய்விட்டது. கம்பெனி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து மனதுக்குள் எழுதுவேன், இறங்கும்போது எல்லாம் மறந்துவிடும்.

ஆமாம். கணக்கு கொடுத்தது நான்தான். அது என் வேலை. நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன், பிறகு திட்டு.

ஒவ்வொரு தோலையும் நான் படம் எடுக்கிறேன். ஷூவின் எந்தப் பாகத்தை எங்கே வைத்தால் தோல் வீணாகாது என்று புரோகிராம் அடுக்கிப் பார்க்கிறது. ஒரு நிமிடம் முடிந்ததும் அதுவரை கிடைத்ததில் நல்லதை எடுத்து, மேலேயிருக்கும் புரொஜெக்டர் வழியாகத் தோல்மேல் வெளிச்சக் கோடு போடுகிறது. அந்தக் கோட்டில் பாய் கத்தியை ஓட்டுவார். (ஷெட்டில் நானும் அவரைப் பாய் என்றுதான் கூப்பிடுவேன். வீட்டுக்கு வந்தால்தான் அங்கிள்.) மெஷின் வந்த அன்றே தன்சீல் முதலாளி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: "சொந்த மூளை வேணாம் சர்தார் பாய். வெளிச்சம் எங்க காட்டுதோ அங்க வெட்டுங்க." பாய் அதைத் தாண்டி ஒரு நூல்கூடப் போனதில்லை.

ஏப்ரலிலிருந்தே ஒரே அளவு தோலில் ஷூ ஜோடி குறைவாக வர ஆரம்பித்தது. முதலில் தோல் மட்டம் என்றார்கள். பக்ரீத்துக்கு முன்னால், வேஸ்ட் மூட்டைகள் வெளியே போகும்போது முதலாளி கேட்டில் நிறுத்தி அவிழ்க்கச் சொன்னார். உள்ளே உள்ளங்கை அகலத்துக்கு நல்ல நல்ல துண்டுகள். அந்த மூட்டைகளை வாங்குவது யார் என்று உனக்கே தெரியும், உன் அன்வரி பேகம் அத்தை. அத்தை இரண்டு மாதமாக சில்லறைப் பர்ஸை விட்டுவிட்டு, கைப்பையே தைத்து விற்றிருக்கிறார். "இந்த வருஷம் அல்லா பெரிய பெரிய துண்டா குடுக்கறான்" என்று தெருவெல்லாம் சொல்லியும் இருக்கிறார்.

முதலாளி என்னைக் கூப்பிட்டார். "இன்னா எழில், கம்ப்யூட்டர் ஏதாச்சும் தப்பு பண்ணுதா?" என்றார். "இல்ல சார், எப்பவும் போலதான் ஓடுது" என்றேன். எனக்குத் தெரிந்ததைத்தான் சொன்னேன் முபி.

மறுநாள் மசூதிப் பெரியவர்கள் இரண்டு பேரை வைத்துக்கொண்டு உன் அப்பாவை உட்காரவைத்து, நல்ல துண்டுகளை மூட்டையில் போட்டீர்களா என்று கேட்டார்கள். ஜோடிக் கணக்கு சொல்ல நானும் ஓரமாக நின்றேன். பாய், வெளிச்சம் காட்டிய இடத்தில்தான் வெட்டினேன் என்று இரண்டு தடவை சொன்னார். "அப்போ உங்க அக்காவைக் கூப்பிட்டு விசாரிக்கறேன்" என்றார் முதலாளி. அவ்வளவுதான். பாய் எழுந்துவிட்டார். "அவளுக்கு ஒண்ணும் தெரியாது. நான்தான் போட்டேன். மாப் பண்ணிடுங்க" என்றார்.

முதலாளி உடனே எழுந்து அவரைக் கட்டிக்கொண்டார். உங்கள் ஆட்களிடம் மாப் என்று மன்னிப்புக் கேட்டவரை அதற்கு மேல் ஒரு வார்த்தை கேட்கக் கூடாது அல்லவா? எப்போது, எப்படி, எவ்வளவு என்று யாருமே கேட்கவில்லை. கேட்டிருந்தால் பாயால் பதில் சொல்லியிருக்க முடியாது. "கொஞ்ச நாள் வீட்ல இருங்க" என்று அனுப்பினார்கள். 

லேப்டாப்பைப் பற்றிக் கேட்பாய். ரம்ஜானுக்கு வந்தபோது நீ சரிசெய்துவிட்டுப் போனதிலிருந்து ஒரு தடவைகூட அணையவில்லை. ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு அடியில் கத்திரி வெயிலையே தாங்கிவிட்டது. எருமை மாதிரி கொஞ்சம் மெதுவாக அசைகிறது, அவ்வளவுதான். அதற்காவது உனக்கு நன்றி சொல்லலாமா?

எழில்


பெங்களூரு
14 ஜூன் 2025

எழில்,

அப்பா ஒத்துக்கொண்டார் என்று அம்மி என்னிடம் சொல்லவில்லை. உன் மெயிலில்தான் படித்தேன். ஆபீஸ் கழிவறையில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

உன் மேல் கோபம் போகவில்லை. ஆனால் கேட்டதற்குப் பதில் சொல். ஊகம் வேண்டாம்.

லேப்டாப் மெதுவாக இருக்கிறது என்றாயே, எப்போதிலிருந்து? நெஸ்டிங், அதாவது பாகங்களை அடுக்கும் வேலை, ஓடும்போது திரையின் அடியில் 'முயற்சிகள்' என்று ஒரு எண் ஓடும். மார்ச்சில் அது எவ்வளவு வந்தது, இப்போது எவ்வளவு? பழைய படங்கள் அதே ஃபோல்டரில்தான் இருக்கும். மார்ச்சில் ஒன்று, மே மாதத்தில் ஒன்று எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்.

இத்துடன் ஒரு வரி அனுப்பியிருக்கிறேன். கட்டளை தட்டும் டெர்மினல் ஜன்னலைத் திறந்து, நெஸ்டிங் ஓடிக்கொண்டிருக்கும்போதே அந்த வரியை ஒட்டி என்டர் தட்டு. ஒரு எண் வரும். அதை எனக்கு அனுப்பு.

ஏன் என்று இப்போது கேட்காதே.

முபஷ்ஷிரா


மாதனூர்
17 ஜூன் 2025

முபி,

எண்ணூறு. நெஸ்டிங் ஓடினாலும் எண்ணூறு, சும்மா இருந்தாலும் எண்ணூறு. மூன்று தடவை பார்த்தேன், அசையவே இல்லை.

முயற்சிகள் மார்ச்சில் நாலாயிரத்துக்கு மேலே போயிருக்கிறது. இப்போது ஆயிரத்தைத் தொடவில்லை. நான் கவனிக்கவே இல்லை. யார் அதைப் பார்க்கிறார்கள்? ஒரு நிமிடம் ஆனதும் மேலே வெளிச்சம் விழும், பாய் வெட்டுவார், நான் அடுத்த தோலுக்குப் போவேன்.

படங்களைப் பக்கத்தில் வைத்தேன். சொல்லவே பயமாக இருக்கிறது. மார்ச்சில் பாகங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கிடக்கின்றன. மே மாதத்தில் நடு முதுகில், நல்ல தோலில், பொத்தல் பொத்தலாக இடம் விட்டிருக்கிறது. ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம். மூட்டையில் வந்த துண்டுகள் அவைதான் முபி. பாய் எங்கிருந்தும் எடுக்கவில்லை. கம்ப்யூட்டர் விட்ட ஓட்டை அது.

இதைத் தினமும் நானே தோல்மேல் போட்டுக் காட்டியிருக்கிறேன். பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறேன். கண் இருந்து என்ன பிரயோஜனம்?

எண்ணூறு என்றால் என்ன? இப்போதாவது சொல்.

எழில்


பெங்களூரு
18 ஜூன் 2025

எழில்,

எண்ணூறு என்பது அந்த லேப்டாப்பின் புராசஸர் ஓடக்கூடிய ஆகக் குறைந்த வேகம். முழு வேகம் மூவாயிரத்துக்கு மேல். வேலை வந்தால் ஏறவேண்டும், ஓய்ந்தால் இறங்கவேண்டும். உன்னுடையது ஏறவில்லை. ஏறக் கூடாது என்று யாரோ சொல்லி வைத்திருக்கிறார்கள்.

நான்தான்.

ரம்ஜானுக்கு வந்தபோது, சூட்டில் லேப்டாப் அடிக்கடி அணைந்துபோகிறது என்று நீ புலம்பினாயே, அன்று. லினக்ஸில் புராசஸர் வேகத்தை நாமே ஆளலாம். 'பர்ஃபார்மன்ஸ்' என்று வைத்தால் எப்போதும் உச்சம். 'ஆன்டிமாண்ட்' என்று வைத்தால் வேலைக்குத் தக்கபடி ஏறி இறங்கும். 'பவர்சேவ்' என்றால் அந்தப் பழைய புராசஸரில் எப்போதும் அடிமட்டம். நான் ஆன்டிமாண்டில் வைத்துப் பார்த்தேன், மறுபடி அணைந்தது. பெங்களூரு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. பவர்சேவ் என்று வைத்து, ஒவ்வொரு தடவை ஆன் செய்யும்போதும் தானாகவே அதற்குப் போகும்படி எழுதிவிட்டு வந்தேன். வெயில் காலம் முடிந்ததும் வந்து ஒழுங்காகச் செய்யலாம் என்று நினைத்தேன். பிறகு மறந்தேபோனேன். அணையவில்லை என்று நீ மெசேஜ் போட்டபோது பெருமையாகக்கூட இருந்தது.

புரோகிராமுக்கு ஒரு நிமிடம் என்று கெடு வைத்ததும் நான். வேகம் குறைந்தால் அந்த ஒரு நிமிடத்துக்குள் குறைவாகத்தான் அடுக்கிப் பார்க்க முடியும். கிடைத்ததை எடுத்து வெளிச்சம் போட்டுவிடும். அது தப்பு என்று எங்கேயும் சிவப்பு எழுத்து வராது. அப்பா வெட்டுவார். சொந்த மூளை கூடாது அல்லவா!

எழில், என் அப்பாவைத் திருடன் ஆக்கியது நான். உன்னைப் போனில் தடுத்துவைத்து, நீதிபதி மாதிரி கடிதம் எழுதிக்கொண்டிருந்தேன்.

இப்போது செய்யவேண்டியது. இன்னொரு வரி அனுப்புகிறேன். அது ஆன்டிமாண்டுக்கு மாற்றி, உச்சத்தை இரண்டாயிரத்தில் நிறுத்தும். இரண்டாயிரம் போதும். லேப்டாப்பை இரண்டு செங்கல்மேல் வை, அடியில் காற்று போகட்டும். டேபிள் ஃபேனை அதன் பக்கம் திருப்பு. பிறகு முதலாளியைக் கூப்பிட்டு ஒரே தோலைப் பழைய வேகத்தில் ஒரு தடவை, புது வேகத்தில் ஒரு தடவை போட்டுக் காட்டு. செய்தது முபஷ்ஷிரா என்று சொல். பெயரை மறைக்காதே.

எனக்கு லீவு இந்த மாதக் கடைசியில்தான். அதுவரை காத்திருக்க வேண்டாம்.

முபி


மாதனூர்
23 ஜூன் 2025

முபி,

நம்மால் ஒன்றுமே ஆகாது போலிருக்கிறது.

சனிக்கிழமை முதலாளியைக் கையோடு கூட்டிவந்து உட்காரவைத்தேன். நீ சொன்ன செங்கல், ஃபேன் எல்லாம் தயார். முதலில் எண்ணூறில் போட்டேன். பொத்தல் பொத்தலாக வந்தது. பிறகு வேகத்தை ஏற்றினேன். பாதியில் கரண்ட் போய் ஃபேன் நின்றது, லேப்டாப் சூடாகிப் பட்டென்று அணைந்தது! முதலாளி எழுந்துவிட்டார். கெஞ்சி உட்காரவைத்தேன். ஜெனரேட்டர் போட்டு மறுபடி ஓட்டியதும் நெருக்கமாக, அழகாக வந்தது. கண்ணால் பார்த்தார் முபி. நன்றாகவே பார்த்தார்.

"கம்ப்யூட்டர் ஸ்லோவா இருந்தா லேட்டா போடும். தப்பா போடுமா?" என்றார்.

ஒரு நிமிடக் கெடுவைப் பற்றிச் சொன்னேன். நீ எழுதியது போலவே சொன்னேன். தலையைத் தலையை ஆட்டினார். அப்புறம் சிரித்துக்கொண்டே சொன்னார்: "இப்ப நீயே ஒரு வரி அடிச்சே, ஓட்டை வந்துச்சு. இன்னொரு வரி அடிச்சே, ஓட்டை போச்சு. நீ நெனச்சா எது வேணா வர வைக்கலாம்னு புரிஞ்சுது. தோஸ்தோட அப்பாவுக்காக இவ்ளோ பேஜார் பட்றே, நல்ல பொண்ணும்மா நீ."

நான் உன் பெயரைச் சொன்னேன். "பொண்ணு அப்பாவைக் காப்பாத்தத்தானே பாக்கும்" என்றார்.

கோபத்தில் நான் கொஞ்சம் சத்தமாகவே பேசிவிட்டேன். அவர் கோபப்படவில்லை, அதுதான் கொடுமை. "ரெண்டு பெரியவங்க முன்னால அவரே ஒத்துக்கிட்டார். பண்ணாததை எவனாவது ஒத்துக்குவானா? நான் மாப் பண்ணிட்டேன். முடிஞ்சதைத் திரும்பக் கிளறினா எனக்குத்தான் பாவம்" என்று சொல்லிவிட்டுத் தொழுகைக்குப் போய்விட்டார்.

அவர் கெட்டவராக இருந்தால் கரித்துக்கொட்டலாம். அவர் நிஜமாகவே மன்னித்துவிட்டார். அதை வைத்துக்கொண்டு நாம் என்ன செய்வது?

ஒரே ஒரு வழிதான் தெரிகிறது. பாயே வந்து, நான் எடுக்கவில்லை என்று அந்தப் பெரியவர்கள் முன்னால் சொல்லவேண்டும். நீ போய்ச் சொன்னால் கேட்பார். போ.

எழில்


பெங்களூரு
30 ஜூன் 2025

எழில்,

ஆம்பூர் போய்விட்டு வந்தேன். உன்னைப் பார்க்காமல் திரும்பியதற்குக் கோபித்துக்கொள்ளாதே. யார் முகத்தையும் பார்க்கும் நிலையில் நான் இல்லை.

அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நீ அனுப்பிய படங்களை என் லேப்டாப்பில் திறந்து, விரலால் தொட்டுத் தொட்டுக் காட்டினேன். நீண்ட நேரம் பார்த்தார். அப்புறம் முதலில் என்ன கேட்டார் தெரியுமா? "அப்போ நான் கைதவறி நல்ல துண்டை மூட்டைல போடல?" என்றார்.

அவருக்கே சந்தேகம் வந்திருக்கிறது எழில். வயசாகிவிட்டது, கண் தெரியாமல் நாம்தான் போட்டிருப்போமோ என்று இத்தனை நாள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார். இல்லை அப்பா, நீங்கள் ஒரு துண்டுகூடத் தவறாகப் போடவில்லை என்றேன். அழுதார். நானும் அழுதேன். அம்மி சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டார். எல்லாம் சரியாகிவிட்டது என்று ஒரு நிமிடம் நினைத்தேன்.

வாங்க, பெரியவர்களிடம் போவோம் என்றேன். வரமாட்டேன் என்றார். "தலை குனிஞ்சு மாப் கேட்டேன்மா. கட்டிப் புடிச்சு மாப் பண்ணாங்க. இப்ப போய் அது பொய்னு சொன்னா, திருடன்ற பேரு போய் பொய்யன்ற பேரு வரும். திருடனுக்காச்சும் மாப் இருக்கு" என்றார். அப்படியானால் நான் தனியாகப் போய்ச் சொல்கிறேன், செய்தது நான்தானே என்றேன். அதுவரை தாழ்ந்திருந்த குரல் உயர்ந்தது. "நீ இப்பதான் வேலைல நிக்கறே. கம்ப்யூட்டரைக் கெடுத்தவள்னு பேர் வந்தா உன்னை யார் வெச்சுக்குவா? என் மேல வந்தாச்சு. வந்தது வந்ததாவே இருக்கட்டும்."

கெஞ்சினேன். சண்டை போட்டேன். சாப்பிடாமல் இருந்தேன். எனக்காக அவரும் சாப்பிடவில்லை. பிறகு இரண்டு பேரும் சாப்பிட்டோம். வேறென்ன செய்வது!

கிளம்பும் முன் அன்வரி அத்தையிடம் போனேன். அத்தையாவது தம்பியிடம் பேசட்டும் என்று. நான் வாயைத் திறப்பதற்குள் அவரே பிடித்துக்கொண்டார்: "என் தம்பி எனக்காகத்தான் போட்டிருக்கான் முபஷ்ஷிரா. விதவை அக்கா கஷ்டப்படறாளேன்னு மனசு கேக்கல அவனுக்கு. பாவம்தான், ஆனா யார் செய்வா இப்படி?" கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறந்ததிலிருந்து தம்பிமேல் இவ்வளவு பாசத்தை அவர் காட்டி நான் பார்த்ததில்லை. கம்ப்யூட்டரைப் பற்றிச் சொன்னேன். நான் சொல்லி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்பாவை விட்டுக் குடுக்காம பேசறே, நல்லாரு" என்றார்.

ஆபீஸில் பகலெல்லாம் நான் பார்ப்பது சர்வர்கள்தான். எங்கோ ஒரு எண்ணை மாற்றினால் எங்கோ ஒன்று சரியாகிவிடும். சம்பளம் வாங்குவதே அதற்குத்தான். இங்கே எதை மாற்றுவது என்று தெரியவில்லை.

உன் நம்பரை விடுவித்துவிட்டேன். ஆனால் நீ கூப்பிடாதே. எழுது. பேசினால் இந்தத் தடவை அழப்போவது நான்.

முபி


மாதனூர்
21 ஜூலை 2025

அன்புள்ள முபி,

மொஹரம் கழிந்ததும் முதலாளி ஆள் அனுப்பி உன் அப்பாவை வேலைக்கு வரச் சொல்லிவிட்டார். அம்மி சொல்லியிருப்பார். சந்தோஷமான செய்திதான். அப்படித்தான் நானும் நினைத்தேன், இன்று மதியம்வரை.

பாய் வந்து இரண்டு வாரம் ஆகிறது. அதே மேஜை, அதே கத்தி. யாருடனும் அதிகம் பேசுவதில்லை. லேப்டாப் செங்கல்மேல் இருக்கிறது, இரண்டாயிரத்தில் ஓடுகிறது, ஒரு தடவையும் அணையவில்லை. கரண்ட் போனால் மட்டும் நானே அட்டையால் விசிறுகிறேன், மற்றவர்கள் சிரிக்கிறார்கள். நெஸ்டிங் நெருக்கமாக விழுகிறது. பாய் கோடு பிசகாமல் வெட்டுகிறார். மூட்டையில் விழுவதெல்லாம் விரல் அகலத் துண்டுகள். கைப்பை தைக்க முடியவில்லை என்று அன்வரி அத்தை குறைப்பட்டுக்கொள்கிறாராம்.

இன்று டீ நேரத்தில் முதலாளி ஷெட்டுக்குள் வந்தார். நேராக வேஸ்ட் மூட்டைக்குப் போய்க் கையை விட்டு அள்ளினார். மேலே தூக்கி எல்லோருக்கும் காட்டினார். முகமெல்லாம் சந்தோஷம். "பாத்தீங்களா? ஒரு துண்டு பெருசா இருக்குதா? போலீஸ் கீலீஸ்னு போயிருந்தா ஒரு நல்ல வேலைக்காரனை இழந்திருப்போம். மாப் பண்ணோம், மனுஷன் திருந்திட்டார்" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். ஒருத்தர் கைகூடத் தட்டினார்.

பாய் எழுந்து நின்று, நெஞ்சில் கை வைத்து முதலாளிக்குத் தலை குனிந்தார். அப்புறம் என் பக்கம் திரும்பி, நீ ஒன்றும் பேசிவிடாதே என்பது போல லேசாகத் தலையை ஆட்டினார். நான் பேசவில்லை முபி. பேசி என்ன ஆகிவிடப்போகிறது?

டீ முடிந்து எல்லோரும் திரும்பும்வரை டெர்மினலைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எண்ணூறு என்று அடித்தால், இன்று சாயங்காலமே மூட்டையில் பெரிய துண்டுகள் விழும், பாய் மறுபடி திருடர் ஆகிவிடுவார். இரண்டாயிரத்திலேயே விட்டால் அவர் திருந்திய திருடர். லேப்டாப் நன்றாக ஓடுகிற ஒவ்வொரு நாளும் அவர் அப்போது திருடினார் என்பதற்குத்தான் சாட்சி சொல்லிக்கொண்டிருக்கிறது, அதை ஓட்டுகிறவள் நான்.

அவர் திருடவே இல்லை என்று ஆவதற்கு எந்த எண்ணைப் போடவேண்டும்? இந்த எண்களெல்லாம் உனக்குத்தான் தெரியும், சொல். அப்படி ஒன்று இல்லையென்றால் அதையாவது எழுது. பாய் கத்தியைத் தீட்டிவிட்டு, அடுத்த தோலுக்கு வெளிச்சம் விழக் காத்துக்கொண்டிருந்தார். நான் டெர்மினலை மூடிவிட்டு ஓட்டினேன்.

எழில்